தொலைவை அளந்த துரைசாமி
(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

ஒரு பொருளின் விலையைச் சொல்ல வியாபாரி போதும். அதன் மதிப்பைச் சொல்ல, அதைப் பிரித்துப் பார்த்தவர் வேண்டும். இந்த உண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் வாழ்ந்து காட்டிய தமிழர் ஒருவரின் வரலாற்றைச் சுருக்கமாக எழுத விழைகிறேன். அவர்தாம் கோவை மண் தந்த விஞ்ஞானி ஜி. டி. நாயுடு அவர்கள். அவரைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது ஒரு பழைய கேமரா. ஆதலால் முதலில் அந்தச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

என் வகுப்புத் தோழர் ஒருவர் ஆவடியில் மின்சார ரயில் ஏறுவார். நான் அம்பத்தூரில் ஏறுவேன். சென்ற ஆண்டு ஒரு நாள் அவர் கையில் மஞ்சள் பை ஒன்று இருந்தது. அதற்குள் அவருடைய தாத்தாவின் கேமரா. தாத்தா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக வேலை பார்த்தவர். 1985-இல் தீக்கிரையான பழைய மூர் மார்க்கெட்டில், அது எரிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கேமரா அது. தோழரின் தங்கைக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. முதல் தவணைப் பணம் கட்ட வேண்டும். பூந்தமல்லியில் பழைய பொருள் வாங்கும் ஒருவர் கேமராவுக்கு இரண்டாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் தோழரோ, பழைய லென்சுகள் லட்சக் கணக்கில் விலை போவதாகக் கைபேசியில் படித்துவிட்டு, இதுவும் அப்படிப்பட்டதாக இருக்கக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் துறைப் பேராசிரியரிடம் அதைக் காட்டினோம். விலை என்ன என்று கேட்டோம். அவர் விலை சொல்லவில்லை. இந்தக் கேமரா தன் எதிரே நிற்பவரின் தொலைவை எப்படி அளக்கிறது என்று எங்களைத் திருப்பிக் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டு வந்தபின் விலையைப் பேசலாம் என்று சொல்லி, நாயுடு அவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்படி அனுப்பிவைத்தார். நூலகத்தில் படித்ததும் அவரிடம் கேட்டதும் சேர்ந்ததே இக்கட்டுரை.

இளமையும் ஒரு மோட்டார் சைக்கிளும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். உழவர் குடும்பம். இளம் வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்றும், மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுவர். நம்மைப் போன்ற மாணவர்கள் பின்பற்ற வேண்டிய செயல் அன்று அது! ஆனால் பள்ளியை விட்ட அவர் படிப்பை விடவில்லை என்பதே நாம் நினைவில் கொள்ள வேண்டியது.

அந்நாளில் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் அவ்வூர்ப் பக்கம் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியைக் கண்ட இளைஞர் வியந்து நின்றார். அந்த வண்டியைத் தாமே வாங்கிவிட வேண்டும் என்ற வேட்கை பிறந்தது. கையில் காசில்லை. கோவைக்கு வந்து ஓர் ஓட்டலில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எச்சில் இலை எடுத்தும் மேசை துடைத்தும் சேர்த்த பணத்தில் அந்த வண்டியையே வாங்கினார். முந்நூறு ரூபாய் என்று சொல்லப்படுகிறது.

வாங்கியவுடன் அவர் என்ன செய்தார்? ஊரார் பார்க்க ஓட்டித் திரியவில்லை. வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். மீண்டும் பூட்டினார். மீண்டும் கழற்றினார். மூன்றாண்டு உழைப்பைக் கொட்டி வாங்கிய பொருளைத் தரையில் பரப்பிவைக்க எவ்வளவு துணிவு வேண்டும்! அந்த வண்டிதான் அவருக்குக் கல்லூரி. அதன் திருகாணிகளே பாடநூல்கள்.

இழப்பும் எழுச்சியும்

திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். அப்பொருளைப் பம்பாய்ப் பருத்தி வாணிபத்தில் இழந்தார். வெறுங்கையோடு கோவை திரும்பியவருக்கு அந்நகரின் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை கைகொடுத்தார். 1920-ஆம் ஆண்டு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். வண்டியை ஓட்டியவரும் அவரே. அந்த ஒற்றைப் பஸ் பெருகி யு.எம்.எஸ். என்ற நிறுவனமாயிற்று, 1933-க்குள் 280 பஸ்கள் ஓடின. இத்தனை வண்டிகள் ஓட வேண்டுமானால் பழுது பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்தவருக்குப் புதிதாகச் செய்யவும் கை வரும். 1937-இல் தி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு இணைந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார். இன்று நம் அம்பத்தூர் எஸ்டேட்டில் சுழலும் மோட்டார்களின் ஓசையைக் கேட்கும்போது, இந்நாட்டில் அந்த ஓசை முதலில் எழுந்த ஊர் கோவை என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

கேமராவுடன் கடல் கடந்தவர்

நாயுடு அவர்களுக்குப் புகைப்படக் கலையில் தீராத ஆர்வம் இருந்தது. காந்தியடிகள், ஜவாஹர்லால் நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரைத் தம் கேமராவில் பதிவு செய்தார். 1936-ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் நடந்தபோது அதைத் தாமே படமாக எடுத்தார். அதே ஆண்டில் ஜெர்மனி சென்று ஹிட்லரைச் சந்தித்துப் படமும் எடுத்தார். உலகையே தீயில் தள்ளப் போகிறவர் அவர் என்பதை வரலாறு பின்னர்தான் காட்டிற்று.

கேமராவின் வரலாற்றில் 1936 ஒரு குறிப்பிடத்தக்க ஆண்டு. லைக்கா கேமராவைப் படைத்த ஆஸ்கர் பர்னாக் அவ்வாண்டு ஜனவரி 16-இல் மறைந்தார். ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் ஜனவரி 28-இல் நடந்தது. கைக்குள் அடங்கும் 35 மி.மீ. கேமராவை 1925-இல் உலகுக்குத் தந்தது வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் நிறுவனம். ஆனால் தொடக்கத்தில் அதில் ஒரு குறை இருந்தது. எதிரே நிற்பவர் ஆறடியில் இருக்கிறாரா எட்டடியில் இருக்கிறாரா என்று கண்ணால் கணித்து, லென்சைத் திருகிவைக்க வேண்டும். கணிப்புத் தவறினால் முகம் மங்கிவிடும். 1932-இல் வந்த இரண்டாம் லைக்காவும், அதே ஆண்டு சைஸ் ஐகான் நிறுவனம் வெளியிட்ட காண்டாக்ஸும் தொலைவை அளக்கும் கருவியை லென்சோடு இணைத்து அந்தக் குறையைப் போக்கின. இவற்றையே ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்கிறோம்.

அது எப்படி அளக்கிறது? படிக்கும் நண்பர்களே, கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள்; பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். விரலைக் கண்ணருகே கொண்டுவந்தால் பெயர்ச்சி கூடும். தொலைவில் வைத்தால் குறையும். கேமராவின் நெற்றியில் உள்ள இரு சிறு சாளரங்கள் இரு கண்கள் போன்றவை. அவற்றின் இரு பிம்பங்களும் ஒன்றன்மீது ஒன்று பொருந்தும் வரை லென்சைத் திருகுகிறோம். லென்சின் பின்புறம் ஒரு சிறு நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் உள்ளே இருக்கும் கண்ணாடியைத் திருப்புகிறது. பிம்பங்கள் பொருந்தும் இடத்தில் தொலைவும் சரியாக அமைந்துவிடுகிறது. இது முக்கோணக் கணக்கு அன்றி வேறில்லை. கப்பற்படைப் பீரங்கிகளுக்காகக் கிளாஸ்கோ நகரில் பார் அண்டு ஸ்ட்ரவுட் நிறுவனத்தார் செய்த பல அடி நீளமுள்ள தொலைவுமானியின் குட்டி வடிவமே கேமராவில் உள்ளது.

நாயுடு அவர்களின் கண்டுபிடிப்புகளைப் பட்டியலிடுவோர் மின் சவரக் கருவி, மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவுக் கருவி ஆகியவற்றோடு, பிலிம் கேமராவுக்கான தொலைவு சரிசெய்யும் கருவியையும் சேர்த்தே சொல்வர். கோடிக்கணக்கான பேர் கேமராவை வாங்கினார்கள். படம் மங்கினால் தங்கள் கையை நொந்துகொண்டார்கள். மூன்றாம் வகுப்புப் படித்த கோவைத் தமிழரோ, தொலைவைச் சரிசெய்யத் தாமே ஒரு கருவி செய்தார். மோட்டார் சைக்கிளைக் கழற்றிய அதே கை அன்றோ அது!

விலையும் மதிப்பும்

அந்த 1930-களில் ஜெர்மனியில் பிறந்த லென்சுகளே இன்று சேகரிப்போர் தேடி அலையும் செல்வங்கள். மேக்ஸ் பெரெக் என்னும் கணித வல்லுநர் லைட்ஸ் நிறுவனத்துக்காக வகுத்தவை எல்மார், ஹெக்டர் போன்ற லென்சுகள். ஹெக்டர் என்பது அவர் வளர்த்த நாயின் பெயர்! 1935-இல் வந்த தம்பார் என்னும் 90 மி.மீ. லென்சு முகத்தை வேண்டுமென்றே மென்மையாக்கிக் காட்டும். ஏறத்தாழ மூவாயிரம் மட்டுமே செய்யப்பட்டமையால் நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு இன்று சில லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். 2017-இல் அதே லென்சைப் புதிதாகச் செய்து விற்றபோதும் நம் பணத்தில் நான்கு லட்சத்துக்கு மேல் விலை வைத்தார்கள். ஆஸ்கர் பர்னாக் தாமே கையாண்ட கேமரா 2022-ஆம் ஆண்டு ஜூன் மாத ஏலத்தில் 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. அது நூறு கோடி ரூபாய்க்கும் மேல்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். சைஸ் நிறுவனத்தின் லுட்விக் பெர்டலே வகுத்த சோனார் லென்சு அந்நாளில் ஓர் அற்புதம். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி எதிரொளித்து வீணாகும். பெர்டலே கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கி அப்பரப்புகளைக் குறைத்தார், படம் பளிச்சிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சைஸ் தொழிற்சாலையின் வரைபடங்களும் இயந்திரங்களும் சோவியத் நாட்டுக்குப் போயின. அங்கே அதே சோனார் அமைப்பு ஜூபிட்டர் என்ற பெயரில் ஏராளமாகச் செய்யப்பட்டது. அடிப்படை அமைப்பு ஒன்றுதான். அபூர்வமான ஜெர்மானிய லென்சுக்கு லட்சங்கள், ஜூபிட்டருக்குச் சில ஆயிரங்கள். பெயரும் அருமையும் விலையை ஏற்றுகின்றன. அருமைக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் செய்யப்பட்டு, சிலவே எஞ்சிய பொருளைக் காப்பது ஒரு தொண்டுதான். ஆனால் பெயரை மட்டும் பார்ப்பவர் ஏமாறவும் நேரும். சோவியத் நாட்டின் ஃபெட், சோர்க்கி கேமராக்களில் லைக்கா என்று பொறித்து, தங்க முலாம் பூசி விற்ற போலிகள் உலகெங்கும் உலவுகின்றன. உள்ளே பிரித்துப் பார்த்தவருக்கு வேறுபாடு உடனே விளங்கும்.

நாயுடு அவர்கள் விலையை அணுகிய முறையே வேறு. ஒரு பொருள் ஏன் இந்த விலை விற்கிறது என்று கேட்பார், அதைப் பிரிப்பார், எவ்வளவில் செய்ய முடியும் என்று கணக்கிடுவார். 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1952-இல் இருவர் அமரும் சிறிய கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய் விலையில் உருவாக்கினார். உரிமம் கிடைக்காமையால் அந்தக் கார் உற்பத்தி நின்றுபோயிற்று. நினைக்கவே நெஞ்சு கனக்கிறது. அபூர்வமானதை எல்லோருக்கும் உரியதாக்க முயன்றவர் கண்ட தோல்வி அது. அந்தக் கார் தெருவெங்கும் ஓடியிருந்தால் சேகரிப்போருக்கு அதில் விலையேதும் இருந்திராது. நடுத்தரக் குடும்பங்களுக்கு மதிப்பு இருந்திருக்கும்.

ஆசிரியராகவும் நின்றவர்

1944-இல் தம் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி உதவித்தொகைகளுக்கும் தொழிலாளர் நலத்துக்கும் பொருளை வழங்கினார். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்ற அவரே காரணர். பொறியியல் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டில் கற்பிக்கலாம், மாணவர் கையில் கருவியைக் கொடுத்தால் போதும் என்பது அவர் கொள்கை. ஆட்சியாளர் அதற்கு இணங்கவில்லை. பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரியே இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. பள்ளியை விட்டோடிய சிறுவர் ஒரு கல்லூரியின் முதல்வரானார் என்பது எத்தனை பெரிய திருப்பம்!

வேளாண்மையிலும் அவர் கை வைத்தார். பருத்தி, பப்பாளி முதலியவற்றில் புதிய வகைகளை வளர்த்தார். சர். சி. வி. ராமனும் விசுவேசுவரய்யாவும் அவருடைய தோட்டத்தைக் கண்டு வியந்தவர்கள்.

1967-இல் கோவையில் தொழிற்பொருட்காட்சி ஒன்றை நிறுவினார். உலகெங்கும் சென்று வந்தவர் கொணர்ந்த பொருள்களும், தாமே செய்த பொருள்களும் பூட்டிய அலமாரியில் கிடக்கவில்லை. இளைஞர் கண்டு கற்பதற்காகப் பரப்பிவைக்கப்பட்டன. சேகரிப்பு என்பதற்கு அவர் தந்த பொருள் இதுவே. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். 2025-இல் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள உயர்மட்டப் பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மீண்டும் மஞ்சள் பை

படித்து முடித்தபின் தோழரும் நானும் பேராசிரியரிடம் சென்றோம். தொலைவை அளக்கும் முறையைத் தோழர் கரும்பலகையில் முக்கோணம் வரைந்து விளக்கினார். அதன்பிறகே கேமராவைக் கையில் எடுத்தோம். லென்சில் இருந்த எழுத்துகள் ருஷ்ய எழுத்துகள், அது ஜூபிட்டர்-8. டார்ச் விளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பார்த்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருப்பது தெரிந்தது. நம் சென்னைக் காற்றின் ஈரத்துக்குத் தோல் உறையில் மூடிவைத்த லென்சுகள் இப்படித்தான் ஆகும் என்றார் பேராசிரியர். லட்சம் இல்லை, பூஞ்சையோடு சேர்த்துப் பார்த்தால் பூந்தமல்லிக்காரர் சொன்ன விலையில் பெரிய அநியாயமும் இல்லை. தோழரின் முகம் வாடியதை நான் மறக்க முடியாது.

பணம் வேறு வழியில்தான் வந்தது. அவருடைய அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் பெற்றார். அதை இன்னும் திருப்பிச் செலுத்திக்கொண்டிருக்கிறார். கேமராவை விற்று வரும் இரண்டாயிரம் அந்தக் கடனைப் பெரிதாகக் குறைத்துவிடாது என்று அம்மாவே சொல்லி, அதை வைத்துக்கொள்ளச் சொன்னாராம்.

தோழர் அதைக் கழற்றினார். தாத்தாவின் சிறிய திருப்புளிகள் வீட்டில் இருந்தன. ஒவ்வொரு திருகாணியையும் எடுத்த வரிசையில் ஒரு வெள்ளைத்தாளில் அடுக்கி எண்ணிட்டோம். இரண்டு கண்ணாடிகள் தெளிந்தன. ஒன்றில் பூஞ்சையின் தழும்பு நின்றுவிட்டது. தொலைவுமானியும் சற்று விலகியிருந்தது. தொலைவில் தெரிந்த குடிநீர்த் தொட்டியைப் பார்த்து, இரு பிம்பங்களும் ஒன்றாகும் வரை உள்ளே இருந்த சிறு திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். முதல் பிலிம் சுருளின் 36 படங்களில் பதினொன்று தெளிவாக வந்தன. அவற்றுள் ஒன்று, எட்டடித் தொலைவில் வீட்டு வாசலில் நின்ற அவருடைய அம்மாவின் படம். கேமரா இப்போது உறையில் இல்லை; காற்றோட்டமுள்ள டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இருக்கிறது.

அந்த லென்சின் விலை இப்போதும் சில ஆயிரங்கள்தான். ஆனால் அதைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது மிகக் குறைவு. மூன்றாண்டு உழைப்பில் வாங்கிய மோட்டார் சைக்கிளைத் தரையில் பரப்பிய இளைஞரும் இதைத்தான் பெற்றிருப்பார் என்று எண்ணுகிறேன். நம் வீடுகளில் தாத்தாக்கள் விட்டுச் சென்ற கடிகாரமும், ரேடியோவும், தையல் இயந்திரமும் இன்னும் மூலையில் கிடக்கின்றன. அவற்றை எடைக்குப் போடும் முன், ஒருமுறை திருப்புளியை எடுப்போமாக. அதுவே கோவை தந்த அந்தப் பெரியாருக்கு மாணவர்களாகிய நாம் செலுத்தும் மெய்யான நன்றியாகும்.